நல்ல ரகம், ஒரே ஒரு குறை: கலப்பா, கதிர்வீச்சா, வலை கட்டுவதா?

ஒரு தோப்பில் நிற்கும் நீலம் மாமரங்கள் அத்தனையும் ஒட்டுக் கட்டி, ஒட்டுக் கட்டி வந்த ஒரே மரத்தின் தொடர்ச்சி. ஜி-9 வாழையும் அப்படித்தான். கன்றிலிருந்து கன்று என்று வந்தது, இப்போது திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து வருகிறது, ஆனாலும் செடி ஒன்றே. விதை போட்டால் தாய் மாதிரி வராது என்பதால்தான் பழ மரங்களை இப்படிப் பெருக்குகிறோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ரகம் நன்றாக இருக்கும், சந்தையில் பெயரும் இருக்கும், ஆனால் ஒரே ஒரு குறை உயிரை வாங்கும். விதை அதிகம், அல்லது காற்றுக்குச் சாய்கிறது, அல்லது ஒரு நோய் விடாமல் வருகிறது. அந்தக் குறை மட்டும் போக வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். என்ன செய்வது?

கையில் இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். குறையோடு வாழப் பழகி வலை, பை, முட்டுக்கம்பு, மருந்து என்று சமாளிப்பது ஒன்று. வேறு ரகத்தோடு கலப்பது இரண்டாவது. மரத்தில் தானாகவே நல்ல மாற்றம் வந்த கிளை ஒன்று கண்ணில் படும்வரை காத்திருப்பது மூன்றாவது. அந்த மாற்றத்தைக் கதிர்வீச்சால் வரவழைப்பது நான்காவது. ஆய்வகத்தில் மரபணுவைச் சேர்ப்பது அல்லது திருத்துவது கடைசி. பாடப்புத்தகங்களில் இவற்றை வரிசையாகப் போட்டு நன்மை, தீமை எழுதியிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும், முடிவெடுக்க உதவாது. எந்த வழி நல்லது என்பதைக் குறைதான் தீர்மானிக்கிறது. அதனால் நிஜமாக நடந்த சில சங்கதிகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உடைத்தால் தீருமா, சேர்த்தால் தீருமா?

காமா கதிரோ எக்ஸ் கதிரோ செல்லுக்குள் போனால் டி.என்.ஏ. இழை அறுகிறது. செல் சும்மா இருக்காது, அறுந்ததை ஒட்டப் பார்க்கும். ஒட்டும்போது ஒரு துண்டு காணாமல் போகும், தலைகீழாகச் சேரும், அல்லது வேறு குரோமோசோமோடு போய் ஒட்டிக்கொள்ளும். 1927இல் முல்லர் பழ ஈக்களிலும், அடுத்த ஆண்டு ஸ்டாட்லர் பார்லியிலும் எக்ஸ் கதிரால் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீர் மாற்றம், வருவதைக் காட்டினார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து வைத்திருக்கும் பதிவேட்டில், இப்படித் தூண்டிப் பெற்ற ரகங்கள் இன்று 3,400க்கு மேல். நெல், கோதுமை, பார்லி, பூச்செடிகள் என்று நிறைய இருக்கின்றன. பழம் அதில் கொஞ்சம்தான்.

அறுத்து ஒட்டும் இந்த வேலையில் இருப்பது கெடுவதுதான் அதிகம். ஒரு மரபணு வேலை செய்யாமல் போகலாம். இல்லாத மரபணு ஒன்று எங்கிருந்தோ வந்து உட்காராது. ஆகவே என் கணக்கில் முதல் கேள்வி இதுதான்: ரகத்தின் குறை எதையாவது உடைத்தால் தீருமா, எதையாவது சேர்த்தால்தான் தீருமா? விதை வேண்டாம் என்றால் உடைத்தால் போதும். உயரம் குறைய வேண்டும் என்றாலும் அநேகமாக உடைத்தால் போதும். வைரஸை எதிர்த்து நிற்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஏதாவது சேர்க்க வேண்டிவரும்.

இப்படி வந்த பழத்தில் கதிரியக்கம் இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. காமா கதிர் பட்ட பொருள் கதிரியக்கம் உள்ளதாக மாறுவதில்லை. அதுவும் கதிர் பட்டது என்றோ ஒரு குச்சியின் மேல், உங்கள் கைக்கு வருவது அதன் எத்தனையாவதோ ஒட்டு. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

தேனீ வந்தால் விதை வரும்

கலிஃபோர்னியாவில் 'டபிள்யூ. மர்காட்' என்று ஒரு கமலா ஆரஞ்சு. மொராக்கோவில் பிறந்த ரகம், 1980களில் அமெரிக்கா போனது. தோல் லேசாக உரியும், நிறம் அள்ளும், பருவத்தின் கடைசியில் பழுப்பதால் விலையும் நிற்கும். தனியாக ஒரே ரகமாக நின்றால் விதை இருக்காது. பக்கத்தில் ஒத்துப்போகும் வேறு எலுமிச்சைக் குடும்பத்து மரம் நின்று, தேனீ அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிட்டால் பழம் முழுக்க விதை. விதையில்லாப் பழம் என்று சொல்லி விற்கும் சந்தையில் அந்தப் பழத்துக்கு மதிப்பில்லை.

இப்போது வழிகளைப் பாருங்கள். முதலாவது, தள்ளி நடுவது. வேறு ரகம் எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்து நிலமெல்லாம் ஆரஞ்சுத் தோப்பாக இருக்கும் பள்ளத்தாக்கில் அது நடக்கிற காரியமா? இரண்டாவது, பூக்கும் பருவத்தில் தேனீயை வரவிடாமல் செய்வது. பிப்ரவரியில் பாதாம் தோப்புகளுக்காக லட்சக்கணக்கான தேனீப் பெட்டிகள் அந்த மாநிலத்துக்குள் வருகின்றன. பாதாம் பூத்து முடிந்ததும் ஆரஞ்சுப் பூத்தேனுக்காக அவற்றைத் தோப்போரங்களுக்கு நகர்த்துவது தேன்காரர்களின் பழைய வழக்கம். பெட்டியை எடு என்று தோப்புக்காரர்கள் சொல்ல, நாங்கள் காலங்காலமாக வைக்கும் இடம் இது என்று தேன்காரர்கள் சொல்ல, சண்டை முற்றி மாநில அரசே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வேண்டியதாயிற்று. தேனீக்கு வேலி தெரியாது என்பதால் பேசித் தீரும் விஷயமும் இல்லை.

மூன்றாவது, வலை. பூ விரியும் முன்பே மரவரிசை முழுவதையும் மெல்லிய வலையால் மூட வேண்டும், இதழ் உதிர்ந்த பிறகு சுருட்டி எடுக்க வேண்டும். இது வேலை செய்கிறது, இன்றும் செய்கிறார்கள். ஆனால் வலைக்கும் ஆளுக்கும் ஒவ்வொரு ஆண்டும் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும் தேனீ கண்டுபிடித்துவிடும்.

நான்காவது, கலப்பு. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நான்கு மடிக் குரோமோசோம் உள்ள மரத்தையும் இரண்டு மடி மரத்தையும் கலந்து, குரோமோசோம் மூன்று தொகுதியாக இருக்கும் மும்மடிக் கமலாக்களை உருவாக்கி 2002இல் வெளியிட்டது. ஷாஸ்டா கோல்ட், டஹோ கோல்ட், யோசமிட்டி கோல்ட் என்று பெயர். மும்மடி என்பதால் தேனீ எத்தனை வந்தாலும் விதை பிடிக்காது. நல்ல பழங்கள்தான், ஆனால் அவை வேறு பழங்கள். அளவு வேறு, பழுக்கும் காலம் வேறு. கலப்பின் சுபாவமே அதுதான். நம் பக்கத்திலும் தசேரி மாமரத்தின் 'ஒரு வருடம் காய்க்கும், மறு வருடம் ஓய்வெடுக்கும்' குணத்தைத் தீர்க்க நம் நீலத்தோடு கலந்தார்கள். கிடைத்த ஆம்ரபாலி வருடாவருடம் காய்க்கிறது, ருசியும் பிரமாதம். ஆனால் தசேரி கேட்டவருக்கு ஆம்ரபாலியைத் தசேரி என்று கொடுக்க முடியாது. கலப்பு ஒரு ரகத்தைத் திருத்தாது, பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தும்.

ஐந்தாவதுதான் கதிர்வீச்சு. அதே ரிவர்சைடில் 1995இல் டபிள்யூ. மர்காட் மொட்டுக் குச்சிகளுக்கு 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு காமா கதிர் கொடுத்தார்கள். அந்த மொட்டுகளை ஒட்டுக் கட்டி, மரமாக்கி, காய்க்கவிட்டு, பழத்தை அறுத்து அறுத்து விதையை எண்ணினார்கள். மைக்கேல் ரூஸ், திமோதி வில்லியம்ஸ் இருவரும் தேர்ந்தெடுத்த ஒரு மரம் 2006இல் 'டாங்கோ' என்ற பெயரில் வெளிவந்தது. வேறு ரகங்கள் சூழ நிற்கும்போதுகூடச் சராசரியாக ஐந்து பழத்துக்கு ஒரு விதைதான் தேறும். நிறம், ருசி, பருவம் எல்லாம் தாயைப் போலவே. இதன் மகரந்தமும் ஏறக்குறைய மலடு என்பதால் பக்கத்துத் தோப்பிலும் விதை வராது. தேன்காரர் பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

இங்கே கதிர்வீச்சு ஜெயித்ததற்குக் காரணம் வெளிப்படை. குரோமோசோம் துண்டுகள் இடம் மாறிவிட்டால், மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில் அவை ஜோடி சேர முடியாமல் திணறும், விதை பிடிக்காது. மரத்தின் மற்ற வேலைக்கு அது இடைஞ்சல் செய்வதில்லை. இந்தக் குறைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே முழுத் தோப்பு வைத்திருப்பவர் மரத்தை வெட்டி மேலொட்டு வைப்பதா, வலையையே தொடர்வதா என்பது தனிக் கணக்கு. அங்கே மரத்தின் வயதுதான் பேசும்.

பத்தொன்பது வருடம் கழித்து ஒரு கிளை

ஜப்பானின் நிஜிஸ்ஸெய்கி பேரிக்காய் வேறு ரகமான பாடம். 1888இல் சிபா மாவட்டம் மட்சுடோவில் ஒரு சிறுவன் குப்பைமேட்டில் கண்டெடுத்த கன்று அது. பிற்பாடு தொத்தோரி மாவட்டத்தின் அடையாளமே ஆயிற்று. வெளிர் பச்சைத் தோல், கடித்தால் தண்ணீராக ஓடும். குறை ஒன்றுதான்: கரும்புள்ளி நோய். ஒரு ஆல்டர்னேரியா பூஞ்சை, அது சுரக்கும் நச்சு பட்ட இடமெல்லாம் கருகும். பிஞ்சிலேயே ஒவ்வொரு காயாக மெழுகு பூசிய சின்னக் காகிதப் பை கட்டி, காய் பருத்ததும் அதற்கு மேல் பெரிய பை கட்டுவார்கள். பருவம் முழுக்க மருந்தும் அடிப்பார்கள். ஒரு மரத்தில் எத்தனை காய் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கூலியின் கனம் புரியும்.

இபராகி மாவட்டத்தில் 1960இல் கதிர்வீச்சுப் பயிர் இனப்பெருக்க நிலையம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே 100 மீட்டர் ஆரம் உள்ள வட்ட வயல். நடுவில் கோபால்ட்-60, சுற்றிலும் 8 மீட்டர் உயர மண் கரை. மரங்களை வட்டத்துக்குள் நட்டு, வருடக்கணக்கில் சிறுகச் சிறுகக் கதிர் படவிடுவது அங்கே முறையாக இருந்தது. நிஜிஸ்ஸெய்கிக் கன்றுகளை 1962இல் நட்டார்கள். நடுவிலிருந்து 53 மீட்டர் தள்ளி நின்ற ஒரு மரத்தில், 1981இல் ஒரே ஒரு கிளை மட்டும் நோய் இல்லாமல் நிற்பதைக் கண்டார்கள். மற்ற கிளைகளில் கரும்புள்ளி, இதில் இல்லை. அந்தக் கிளையிலிருந்து ஒட்டு எடுத்துச் சோதித்து 1990இல் 'கோல்ட் நிஜிஸ்ஸெய்கி' என்று பதிவு செய்தார்கள். நட்டதிலிருந்து 28 ஆண்டு.

நோய் எதிர்ப்புக்குச் சேர்க்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, இது எப்படி என்று கேட்கலாம். இங்கே நோய் வருவதற்கே ஒரு மரபணு வேண்டும். பூஞ்சையின் நச்சுக்கு இடம் கொடுக்கும் ஓங்கு மரபணு அது, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வேலையைக் காட்டும், நிஜிஸ்ஸெய்கியில் ஒரு பிரதிதான் இருந்தது. அந்த ஒன்று கெட்டால் நச்சு பிடிக்காது. ஆக, நோய் என்றாலும் இது உடைத்தால் தீரும் வகை. கிடைத்ததும் முழு எதிர்ப்பு இல்லை, நடுத்தரம்தான். ஆனால் மருந்தைக் கணிசமாகக் குறைக்க அது போதும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது. பூஞ்சையின் நச்சைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, இலையிலிருந்து சின்ன வட்டங்களைத் துளைத்தெடுத்து அதில் போட்டுப் பார்க்கும் சோதனையை உருவாக்கினார்கள். நோய்க்கு இடம் கொடுக்கும் இலை இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும், எதிர்ப்புள்ளது பச்சையாகவே இருக்கும். காய்க்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை, நோய் வரும் பருவத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை, நாற்றிலேயே ஆயிரம் செடியைச் சலித்துவிடலாம். அடுத்தடுத்த எதிர்ப்பு ரகங்களான கொத்தொபுகி ஷின்சுயி, ஒசா கோல்ட் இரண்டும் 1990களிலேயே வந்துவிட்டன. கதிர் கொடுப்பது எளிய வேலை. சலித்தெடுக்க வழி இருக்கிறதா என்பதில்தான் திட்டத்தின் ஆயுள் இருக்கிறது. சலிக்க வழி தெரியாத குறைக்குக் கதிர் கொடுப்பது இருட்டில் கல் எறிவதுதான்.

ஒசா கோல்டில் இன்னொரு சுவாரசியம். அதன் தாய் ஒசா நிஜிஸ்ஸெய்கி கதிரால் வந்ததில்லை, தோப்பில் தானாக மாறிய கிளை. சாதாரண நிஜிஸ்ஸெய்கியின் மகரந்தம் அதே ரகத்துப் பூவில் பிடிக்காது, ஆள் வைத்து வேறு மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். அந்தத் தடையைப் போடும் மரபணு ஒசாவில் தானாகவே விழுந்துபோய்விட்டதால் தன் மகரந்தமே அதற்குப் போதும். இயற்கை ஒன்றை உடைத்துக் கொடுத்தது, கதிர் இன்னொன்றை உடைத்துக் கொடுத்தது, இரண்டும் ஒரே மரத்தில். காத்திருப்பது என்ற மூன்றாவது வழியை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். விதையில்லா நேவல் ஆரஞ்சு பிரேசிலில் ஒரு கிளையில் தானாக வந்ததுதான். கேவண்டிஷ் குடும்பத்தில் குட்டை வாழை, ஜி-9, வில்லியம்ஸ், ரொபஸ்டா எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்று இப்படிப் பிரிந்தவையே. செலவில்லாத வழி. எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. தோப்பில் வேலை செய்பவர்கள் வித்தியாசமான கிளையைக் கண்டால் சொல்லும்படி பழக்கிவைத்தாலே பாதி வேலை ஆயிற்று.

டெக்சஸ் சிவப்பு: ஒரு எச்சரிக்கை

பம்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தில் டெக்சஸ்காரர்களுக்குச் சிவப்பு மீது மோகம். ஹட்சன் என்ற ரகத்துக்கு நல்ல சிவப்புச் சதை, ஆனால் விதை ஏராளம். ரிச்சர்டு ஹென்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதன் விதைகளை 1959இல் நியூட்ரான் கதிருக்கு உட்படுத்தி, முளைத்தவற்றிலிருந்து தேர்ந்து 1970இல் 'ஸ்டார் ரூபி'யை வெளியிட்டார். விதை ஏறக்குறைய இல்லை, சதை இன்னும் அடர் சிவப்பு. பழத்தைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து நட்டார்கள்.

மரம்தான் சரியில்லை. களைக்கொல்லி கொஞ்சம் பட்டாலே இலை வெளுத்தது, வேரழுகலுக்கு லேசில் ஆளானது, குளிரைத் தாங்கவில்லை, காய்ப்பும் ஒரு வருடம் போல் ஒரு வருடம் இல்லை. கதிர் நாம் கேட்டதை மட்டும் உடைத்துவிட்டு நிற்காது. கூடவே வேறு எதையெல்லாம் கெடுத்தது என்று பழத்தை வெட்டிப் பார்த்தால் தெரியாது, மரத்தைப் பல மண்ணில், பல பருவத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஹென்ஸ் அதோடு விடவில்லை. 1963இல் கதிர் பெற்ற மொட்டுகளின் வழியில் வந்த மரங்களைப் பல ஆண்டு பார்த்து, 1984இல் 'ரியோ ரெட்' கொடுத்தார். சிவப்பு ஸ்டார் ரூபியைவிட ஒரு மாற்றுக் குறைவு, மரம் திடம். 1983 டிசம்பர் உறைபனியில் அங்குள்ள ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கின் தோப்புகள் கருகி, எல்லோரும் மறுநடவு செய்ய வேண்டிய நேரம் அது. டெக்சஸின் முதன்மை ரகமாக ரியோ ரெட் அப்படித்தான் பரவியது.

11 ஆண்டில் ஸ்டார் ரூபி, 21 ஆண்டில் ரியோ ரெட். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

வாழைக்கு வருவோம்

நம் ஊருக்கு இந்த ஒப்பீடு நேராகப் பொருந்தும் இடம் வாழை. காரணம் இரண்டு. கேவண்டிஷ் மும்மடி மலடு, அதைக் கலப்பது மகா கஷ்டம், ஆகவே கலப்பு என்ற வழி ஏறக்குறைய மூடியிருக்கிறது. இன்னொன்று, வாழையில் சோதிப்பது மலிவு. 6 மீட்டருக்கு 6 மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 110 ஆரஞ்சு மரம், ஆயிரம் மரத்தைச் சோதிக்க 9 ஏக்கரும் பல வருடமும் வேண்டும். வாழை 1.8 மீட்டர் இடைவெளியில் ஒரு ஏக்கருக்குள்ளேயே ஆயிரத்துக்கு மேல் நிற்கும், ஒரு வருடத்தில் தாரும் தெரிந்துவிடும்.

மூன்று குறைகளை எடுத்துக்கொள்வோம்.

உயரம். தார் கனத்து நிற்கும் நேரத்தில் ஒரு சூறைக்காற்று அடித்தால் தோட்டம் படுத்துவிடும். சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி முட்டுக் கொடுப்பது வழக்கமான பதில். கம்புக்கும் கூலிக்கும் ஆகும் செலவு வாழை போட்ட எல்லோருக்கும் தெரியும். உயரத்தைக் குறைப்பது உடைக்கும் வேலை, கதிருக்கு ஏற்றது. திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து ஜி-9 மீது காமா கதிர் செலுத்திப் பெற்றதுதான் டி.பி.எம்-9 என்கிற 'காவேரி வாமன்'. ஜி-9ஐவிடக் குள்ளம், முட்டு வேண்டியதில்லை, நெருக்கி நடலாம், சுமார் ஒன்றரை மாதம் முன்னதாக அறுவடைக்கு வரும் என்கிறார்கள் வெளியிட்டவர்கள். பப்பாளியிலும் இதே கதை முன்பே நடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் காமா கதிரால் பெற்ற 'பூசா நன்ஹா' தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலேயே காய் பிடிக்கும். வீட்டுத்தோட்டத்துக்கு அதைவிடத் தோதான பப்பாளி குறைவு.

அடுத்தது வாடல் நோய், அதிலும் டி.ஆர்.4 என்ற கொடிய வகை. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கேவண்டிஷ் தோட்டங்களில் வந்துவிட்டது. இதை எதிர்க்கும் ஆற்றல் சில காட்டு வாழைகளிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கென்சிஸ் என்ற காட்டு வாழையிலிருந்து ஆர்.ஜி.ஏ.2 மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்தது. அந்த 'கியூகேவ்-4' 2024 பிப்ரவரியில் அங்கே அனுமதி பெற்றது. இது சேர்த்துத் தீர்த்த வகை. ஆனால் என் விதி இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தைவானில் திசு வளர்ப்பின்போது தானாக மாறிய கேவண்டிஷ் செடிகளை நோய் மண்ணில் நட்டுச் சலித்தே, தாங்கும் ரகங்களைப் பொறுக்கிவிட்டார்கள். முழு எதிர்ப்பு இல்லை என்றாலும் பிலிப்பைன்ஸ் வரை போய்ப் பயிராகிறது. ஆகவே இங்கே கதிர்வீச்சுக்கு நான் கதவை மூட மாட்டேன். முதல் நம்பிக்கையாக வைக்க மாட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, முடிக்கொத்து நோய். கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை ஒழித்துக்கட்டப் பார்த்தது இதுதான். அசுவினி பரப்பும் வைரஸ், நோயுள்ள தோட்டத்தில் எடுத்த கன்றோடும் கூடவே வரும். இதற்குக் கதிரை நம்பிப் பல வருடம் போக்குவதைவிட, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றை நட்டு, நோய் கண்ட வாழையை உடனே அழிப்பது மேல். அதாவது இங்கே 'சமாளிப்பது' என்ற முதல் வழிதான் சிறந்த வழி. பப்பாளியின் வளையப்புள்ளி வைரஸுக்கு ஹவாய்க்காரர்கள் மரபணு சேர்த்து 1998இல் 'ரெயின்போ'வைக் கொண்டுவந்தார்கள். கதிர் அங்கே உதவியிருக்காது.

மரபணுத் திருத்தம் வந்த பிறகும் கதிர் எதற்கு?

நியாயமான கேள்வி. மரபணுத் திருத்தம், நமக்கு வேண்டிய மரபணுவை மட்டும் குறிபார்த்து உடைக்கும், ஸ்டார் ரூபி மாதிரித் தொல்லை குறையும். இந்தியாவிலும் அயல் மரபணு இல்லாத சில வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான நீண்ட அனுமதிப் படியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள், 2025இல் இரண்டு நெல் ரகங்களையும் அறிவித்தார்கள். ஆனால் நெல்லில் திருத்தும் கருவியை உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் அடுத்த தலைமுறைக் கலப்பில் கழித்துவிடலாம். மலட்டு வாழையிலும் ஒட்டு மாமரத்திலும் கலந்தால் ரகமே போய்விடும், பிறகு கருவியை எப்படி வெளியே எடுப்பது? டி.என்.ஏ. இல்லாமல் புரதமாகவே செலுத்தும் முறைகள் இருக்கின்றன. அதற்குத் தனிச் செல்லிலிருந்து முழு மரத்தை வளர்க்கத் தெரிய வேண்டும், பல பழ ரகங்களில் அது இன்னும் கைவரவில்லை. தவிர, எந்த மரபணுவை உடைப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கதிருக்கு அந்த அறிவு வேண்டாம், கண் மட்டும் போதும். பழைய முறை இன்னும் பிழைத்திருப்பது அதனால்தான்.

சரி, யார் எதில் இறங்கலாம்?

கதிரை முதல் தேர்வாக வைக்க நான் கேட்கும் நிபந்தனைகள்: ரகத்துக்குச் சந்தையில் பெயர் இருக்க வேண்டும், குறை உடைத்துத் தீரும் வகையாக இருக்க வேண்டும், நாற்றிலேயே அல்லது முதல் காய்ப்பிலேயே சலிக்க வழி இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் செடி வைக்க இடமும் பத்து வருடத்துக்குக் குறையாத பொறுமையும் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் இருப்பது ஆராய்ச்சி நிலையத்திடம்தான். தனி விவசாயியோ சின்ன நாற்றங்காலோ கதிர் கொடுக்கக் குச்சியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று நிலமும் ஆளும் கொடுத்து ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து சோதனை நடத்தலாம். அது இரு பக்கமும் லாபம். அப்படிச் சேரும்போது உரிமைக் கணக்கையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட ஒரு ரகத்திலிருந்து கதிரால் வந்த ரகம் பெரும்பாலும் 'அதிலிருந்து பெறப்பட்ட ரகம்' ஆகிவிடும், நம் 2001ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது உண்டு. அப்போது மூல ரகத்தின் உரிமைக்காரர் சம்மதம் வேண்டும். டாங்கோ விஷயத்தில் இந்தச் சண்டை ஸ்பெயினில் நீதிமன்றம் வரை போனது.

வாங்கி நடுபவருக்கு ஒரே ஒரு தொழில்நுட்பச் சங்கதி தெரிந்திருந்தால் போதும். மொட்டில் பல செல்கள், கதிர் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக மாற்றும், சிலவற்றை மாற்றவே மாற்றாது. அதனால் முதலில் வளரும் கிளை மாறிய திசுவும் மாறாத திசுவும் கலந்த கலவையாக இருக்கும். நான்கைந்து முறை வெட்டி வெட்டி ஒட்டுக் கட்டியோ, வாழையானால் திசு வளர்ப்பில் பல சுற்று பிரித்தோதான் அதைச் சுத்தமாக்குகிறார்கள். சரியாகப் பிரிக்காத கலவை தோட்டத்துக்கு வந்தால் சில வருடத்தில் பழைய குணம் எட்டிப்பார்க்கும். காவேரி வாமன் மாதிரிப் புது ரகத்தை நடுவதென்றால் முதல் வருடம் முழுத் தோட்டமும் அதுவே வேண்டாம். ஜி-9 நடுவே இரண்டு வரிசை போட்டு, ஒரே உரம், ஒரே தண்ணீர் விட்டு, தாரை எடை போட்டு எழுதி வையுங்கள். நெருக்கி நடப்போகும் ரகம் என்பதால் ஒரு தாரின் எடையை மட்டும் பார்க்காமல் ஏக்கர் கணக்கிலும் பாருங்கள். அப்புறம் மறுதாம்பையும் விடாமல் பார்க்க வேண்டும், அதில் எந்த வாழையாவது மறுபடி நெட்டையாக எழும்பினால் அதன் கன்றை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.